மாணிக்கத் தட்டான் சொல்லும் சாட்சி: ஒரு தும்பியும் நம் நீர்நிலைகளும்

தட்டானைக் குறியாகப் பார்ப்பது நமக்குப் பழகிய வேலை. அது தாழப் பறந்தால் மழை வரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அதன் வாலில் நூல் கட்டிக் கூழாங்கல்லைத் தூக்க வைத்த பிள்ளைகளுக்கும், எந்தப் பருவத்தில் எந்தக் கரைக்குப் போனால் அது கிடைக்கும் என்பது அத்துப்படி. அண்மைக் காலத்தில் இந்தப் பூச்சிமீது இன்னொரு குறியையும் ஏற்றியிருக்கிறோம். தட்டான் பறக்கும் இடத்தில் தண்ணீர் தூய்மையாக இருக்கும் என்பது அது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களிலும் ஏரி மீட்புக் கூட்டங்களிலும் இதை அடிக்கடி கேட்கலாம்.

இந்தக் கூற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, நகரத்தின் கழிவு வந்து சேரும் ஏதாவதொரு ஏரிக்கரையில் மாலை நேரத்தில் நின்று பாருங்கள். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அங்கேயே, தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில், செம்மஞ்சள் இறகுகளோடு நூற்றுக்கணக்கான சிறு தட்டான்கள் புல்லுக்குப் புல் தாவிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இனம்: பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. தட்டான் தூய நீரின் அடையாளம் என்றால், இவ்வளவு தட்டான்கள் இங்கே என்ன செய்கின்றன?

இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த இனத்தின் தோற்றம், வாழ்க்கை, வாழிடம் ஆகியவற்றை முதலில் பார்ப்போம். அதன்பின், தட்டான்களைக் கொண்டு நீரை மதிப்பிடும் முறைகள் எங்கே சரியாக நிற்கின்றன, எங்கே வழுக்குகின்றன என்று பார்ப்போம்.

பெயர்களின் கதை

இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் யொஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியுஸ். லின்னேயஸின் மாணவர். ஆண்டு 1793. அக்காலத்தில் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. அங்கிருந்து கப்பலேறிப் போன தென்னிந்தியப் பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர். ‘கன்டாமினேட்டா’ என்ற லத்தீன் சொல்லுக்குக் கறைபட்டது என்று பொருள். இன்று அந்தச் சொல்லைப் படிக்கிறவர்களுக்கு மாசுபட்ட நீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நகரக் கழிவு ஏரிகளில் கலக்கும் காலம் அதுவல்ல. இறகில் படிந்திருக்கும் செம்மஞ்சள் கறையை எண்ணியே அவர் அந்தப் பெயரைத் தேர்ந்தார் என்று கொள்வதே பொருத்தம்.

பின்னால் வந்த பெயர்கள் இன்னும் சுவையானவை. இந்தியக் களநூல்களில் இதன் ஆங்கிலப் பெயர் ‘டிட்ச் ஜுவல்’, அதாவது சாக்கடை மாணிக்கம். இலங்கையில் ‘ஏசியன் கிரவுண்ட்லிங்’ என்பார்கள். தரையை ஒட்டிப் பறப்பதால் வந்த பெயர் அது. சிங்கப்பூரில் இறகின் அம்பர் நிறத்தை வைத்து ‘காமன் ஆம்பர்விங்’. தைவானின் சீனப் பெயர் பழுப்புப் புள்ளித் தும்பி என்று பொருள்படும். ஜப்பானியப் பெயரோ சிறு மஞ்சள் தும்பி. நம் பக்கத்து மலையாளத்தில் ‘சங்ஙாதித்தும்பி’, நண்பன் தும்பி. ஒரே பூச்சியை ஒருவர் அதன் நிறத்தால் அறிந்தார், ஒருவர் அதன் பறத்தலால் அறிந்தார், ஒருவர் அது இருந்த இடத்தால் அறிந்தார். இக்கட்டுரையில் நான் அதை மாணிக்கத் தட்டான் என்றே அழைக்கிறேன்.

தமிழில் ஒரு சொல் விளக்கமும் தேவைப்படுகிறது. சங்க இலக்கியத்தில் ‘தும்பி’ என்றால் பெரும்பாலும் மலரில் தேனுண்ணும் வண்டு. இன்று அச்சொல் தட்டானையும் குறிக்கிறது. இறகை விரித்தபடி அமர்வதைத் தட்டான் என்றும், ஊசிபோல மெலிந்து, பெரும்பாலும் இறகை முதுகின்மேல் மடித்து அமர்வதை ஊசித்தட்டான் என்றும் சொல்லும் பழக்கம் களத்தில் உதவியானது. மாணிக்கத் தட்டான் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் குடும்பமான லிபெல்லுலிடே, ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் கொண்ட பெருங்குடும்பம்.

தோற்றம்

இது சிறிய தட்டான். இந்தியத் தும்பிகளைப் பற்றி எஃப்.சி. ஃபிரேசர் எழுதிய மூன்று தொகுதிகள் 1933 முதல் 1936 வரை வெளிவந்தன. பிரிட்டிஷ் இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர் தந்த விவரங்களே இன்றும் பலருக்கு அடிப்படை. ஆணின் வயிற்றுப் பகுதி, அதாவது நாம் வால் என்று சொல்வது, 18 முதல் 21 மில்லிமீட்டர். பின்னிறகு 20 முதல் 23 மில்லிமீட்டர். உள்ளங்கையில் இரண்டை அமர்த்தினாலும் இடம் மிஞ்சும்.

முதிர்ந்த ஆணை அடையாளம் காண ஒரே பார்வை போதும். நான்கு இறகுகளிலும் அடியிலிருந்து நுனியை நெருங்கும் வரை அகன்ற செம்மஞ்சள் பூச்சு. நரம்புகள் சிவப்பு. இறகின் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று முன்னால், எல்லாத் தட்டான்களுக்கும் ஒரு சிறு நிறப்பொட்டு உண்டு. இதில் அந்தப் பொட்டு செங்கல் நிறத்தில் இருக்கும். அதற்கு அப்பால் இறகு நுனி கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். மார்பு பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்தது, பக்கங்களில் செம்பழுப்புக் கோடுகள். வயிறு செம்பழுப்பு. சாய்ந்த வெயிலில் தண்ணீர்மேல் இவை பறக்கும்போது தீப்பொறிகள் தாழ்ந்து நகர்வதுபோல் இருக்கும். மாணிக்கம் என்ற சொல் மிகையில்லை.

பெண் வேறு. வெளிர் மஞ்சளும் பச்சை கலந்த பழுப்பும் கொண்ட உடல். தெளிந்த இறகு, பின்னிறகின் அடியில் மட்டும் இலேசான மஞ்சள். இறகுப் பொட்டு வெளிர்ந்த காவி. காய்ந்த புல்லில் அமர்ந்தால் தேடித்தான் பார்க்க வேண்டும். இளம் ஆணும் ஏறக்குறையப் பெண்ணைப் போலவே இருக்கும். வளர வளரத்தான் இறகில் நிறம் ஏறுகிறது. அதனால் ஒரு கரையில் செம்மஞ்சளாக இருப்பதை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

குழப்பம் தரக்கூடிய இனங்கள் சில உண்டு. குரோக்கோதெமிஸ் செர்விலியா உடலெல்லாம் இரத்தச் சிவப்பு. ஆனால் அதன் இறகு தெளிவானது, அடியில் மட்டும் சிறு அம்பர் திட்டு. ட்ரித்தெமிஸ் அரோரா இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த உடலும் சிவந்த நரம்பும் கொண்டது. அதிலும் அம்பர் நிறம் இறகடியோடு நின்றுவிடும். நிறம் இறகின் பெரும்பகுதியை நிறைத்து, நுனி மட்டும் தெளிந்து, உடல் பழுப்பாக, நீரை ஒட்டிப் பறந்தால் அது மாணிக்கத் தட்டான்.

நீருக்குள் ஓர் இளமை

நாம் பார்க்கும் பறக்கும் தட்டான் அதன் வாழ்வின் கடைசி அத்தியாயம், சில வாரக் கதை. அதற்கு முந்திய வாழ்வு முழுவதும் தண்ணீருக்கடியில் நடக்கிறது. நீரின் தரம் இதனோடு தொடர்புபடுவது அங்கேதான்.

பெண் நீரின் மேலாகத் தாழப் பறந்து, நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும் பாசியிலும் மிதக்கும் இலையிலும் வால்நுனியைத் தட்டித் தட்டி முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் இளவுயிரிக்கு இறகு கிடையாது. குட்டையான, மங்கிய பழுப்பு உடல். சேற்றிலும் அழுகிய இலைகளுக்கிடையிலும் பதுங்கிக் கிடக்கும். அதன் கீழுதடு மடங்கி முகத்தை மூடியிருக்கும். இரை நெருங்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அது முன்னே நீண்டு கவ்விக்கொள்ளும். கொசுப்புழு, சிறு புழுக்கள், தலைப்பிரட்டைக் குஞ்சு என்று அளவுக்கு அடங்கியதை எல்லாம் உண்ணும்.

மூச்சு விடும் முறைதான் இங்கு முக்கியம். தட்டான் இளவுயிரி குதத்தின் வழியே நீரை உள்ளே இழுக்கிறது. மலக்குடலின் உட்சுவரில் இருக்கும் செவுள்கள் அந்த நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஆபத்து வந்தால் அதே நீரை வேகமாகப் பீய்ச்சி முன்னே பாயும். இழுக்கும் நீரின் அளவையும் வேகத்தையும் கூட்டிக் குறைக்க முடிவதால் ஆக்சிஜன் குறைந்த நீரில் ஓரளவு சமாளிக்க முடிகிறது. ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவற்றுக்கு வால்நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் வெளியே இருக்கும்.

வெப்பநாட்டுக் குளத்து இனங்களில் இந்த நீர்வாழ்வு பெரும்பாலும் சில மாதங்களில் முடிகிறது. பிறகு ஓர் இரவிலோ விடியலிலோ இளவுயிரி நாணல் தண்டில் ஏறி, தோலைக் கழற்றி, இறகை விரிக்கிறது. கழற்றிய சட்டை தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பாம்புச் சட்டையைப் போல இதுவும் ஒரு சான்று. ‘இந்த நீரில் பிறந்து, வளர்ந்து, உயிரோடு வெளியேறினேன்’ என்பதற்கான சான்று.

வாழிடமும் பரப்பும்

பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கி மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வழியே தென்சீனா, தைவான், ஜப்பானின் தென்தீவுகள் வரை இந்த இனம் பரவியிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் கவலைக்குரியதல்லாத பிரிவில் வருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு முழுதும் காணலாம்.

அதற்குத் தேவையானவை நான்கு. நின்ற நீர் அல்லது மெல்ல நகரும் நீர். கரையில் தாழ்ந்த புல்லும் நீர்மேல் மிதக்கும் செடியும். திறந்த வெயில். சேறு படிந்த அடிநிலம். இவை தாமரைக் குளத்திலும் உண்டு, கண்மாயிலும் உண்டு, நெல்வயல் வாய்க்காலிலும் உண்டு. நகரக் கழிவு கலந்த ஏரியிலும் உண்டு. மற்ற தட்டான்கள் உயரப் பறந்து சுற்றும்போது இது முழங்காலுக்குக் கீழேயே பறக்கும். ஒரு தண்டில் அமரும், எழும், இரண்டடி போய் மீண்டும் அமரும். மாலை மங்கும் வரை சுறுசுறுப்பாக இரை தேடும். சில இரவுகளில் விளக்கொளிக்கும் வரும்.

நிழல் அடர்ந்த காட்டோடையில் இதைக் காண்பது அரிது. ஆக, இது சாக்கடைக்காகவே பிறந்த பூச்சி அல்ல. வெயிலடிக்கும் சமவெளிக் குளத்தின் பூச்சி. நம் சமவெளிக் குளங்கள் சாக்கடையானபோது, பல இனங்கள் வெளியேற, இது வெளியேறாமல் தங்கிவிட்டது.

முதல் கருத்து: தட்டான் என்றால் தூய நீர்

இந்தக் கருத்து வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. ஆக்சிஜன் நிறைந்த ஓடும் நீரை விட்டு வாழ முடியாத தும்பிகள் பல உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறைமேல் அமரும் யூஃபேயா பேரின ஊசித்தட்டான்கள் அப்படிப்பட்டவை. ஆணின் பின்னிறகு பச்சை உலோகம்போல் மின்னும் நியூரோபேசிஸ் சைனென்சிஸும் அப்படித்தான். 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் அது. ஓடையில் கழிவு கலந்தாலோ, கரை மரத்தை வெட்டினாலோ, மணல் அள்ளினாலோ இவை காணாமல் போகின்றன. இத்தகைய இனங்களைப் பார்த்தவர்கள் தட்டானைத் தூய்மையின் தூதுவன் என்றதில் தவறில்லை.

தவறு, ஓர் இனத்தின் குணத்தை எல்லா இனங்களுக்கும் பொதுவாக்கியதில் இருக்கிறது. பிரிட்டனில் 1976இல் அமைந்த பணிக்குழு ஒன்று, ஆற்றில் கிடைக்கும் சிற்றுயிர்களை வைத்து நீரின் தரத்தை அளக்கும் மதிப்பெண் முறையை உருவாக்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை ஓர் எண். கழிவைத் தாங்கும் மண்புழு உறவினங்களுக்கு 1, சேற்றில் வாழும் சிவப்புப் புழுக்களின் குடும்பத்துக்கு 2. லிபெல்லுலிடே குடும்பத்துக்கோ 8. பிரிட்டிஷ் ஆறுகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். அதே எண்ணை அப்படியே நம் நாட்டுக்குக் கொண்டுவந்தால், கழிவுக் கால்வாயில் வலை போட்டு ஒரு மாணிக்கத் தட்டான் இளவுயிரியை எடுத்தவர், அந்தக் கால்வாய்க்கு உயர்ந்த மதிப்பெண் தர வேண்டியிருக்கும்.

இதே குடும்பத்தில் ஸைகோனிக்ஸ் ஐரிஸ் என்ற தட்டான் இருக்கிறது. அருவியும் பாய்ச்சலும் உள்ள மலையோடையில்தான் அது பறக்கும். அதன் இளவுயிரி வேகநீரில் கல்லைப் பற்றி வாழும். குடும்ப அளவிலான மதிப்பெண்ணில் அருவித் தட்டானுக்கும் சாக்கடையோரத் தட்டானுக்கும் ஒரே எண். ஆசிய நாடுகள் இந்தச் சிக்கலை உணர்ந்தே தம் ஆறுகளுக்கேற்ற எண்களைத் தேடத் தொடங்கின. தாய்லாந்து ஆறுகளுக்காகத் திருத்திய வடிவம் 2002இல் வெளியானது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உயிரினங்களைக் கொண்டு நீரைத் தரம் பிரிக்கும் முறையை வகுத்திருக்கிறது. எண்களைத் திருத்துவது தேவைதான். ஆனால் இனம் வரை இறங்காமல் குடும்பத்தோடு நின்றால் குழப்பம் தீராது.

இன்னொரு வழுக்கலும் உண்டு. பறக்கும் தட்டானுக்கு இறகு இருக்கிறது. பான்டாலா ஃபிளாவெசென்ஸ் என்ற அலையும் தட்டான் மழைக்காலத்தில் நம் விளையாட்டுத் திடல்கள்மேல் கூட்டமாகச் சுற்றும். அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009இல் ஆதாரங்களோடு வாதிட்டார். அப்படிப்பட்ட பயணி ஓர் ஏரிமேல் பறப்பதால் அந்த ஏரியைப் பற்றி எதுவும் தெரியாது. பறப்பது வேறு, அங்கே பிறந்திருப்பது வேறு.

இரண்டாம் கருத்து: மாணிக்கத் தட்டான் என்றால் மாசு நீர்

முதல் கருத்தின் பிழையைக் கண்டவர்கள் சிலர் மறுமுனைக்குப் போனார்கள். இந்த இனம் இருந்தாலே நீர் கெட்டுவிட்டது என்றார்கள். களநூல்களும் இதை மாசைத் தாங்கும் இனமாகவே குறிக்கின்றன. தாங்குகிறது என்பது சரி. எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால்தான் அந்தச் சொல்லின் எல்லை தெரியும்.

கழிவுநீரில் அழுகும் பொருள் மிகுதி. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். தூய நீரே 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் வைத்துக்கொள்ளும். குளிக்கத் தகுந்த நீரில் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் அளவுகோல். கழிவு கலந்த ஏரியில் இது அதற்கும் வெகு கீழே போகும். வேகநீருக்குப் பழகிய உயிர் அங்கே மூச்சடைத்துச் சாகும். வெதுவெதுப்பான நின்ற நீருக்கே பழகிய குளத்துத் தட்டான் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். உணவுக்கும் குறைவில்லை. கழிவுச் சேற்றில் சிவப்புப் புழுக்கள் பெருகும். அவற்றின் உடலில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் அவற்றுக்கு அந்தச் சேறு ஒரு பொருட்டல்ல. போட்டிக்கு வரும் மற்றத் தும்பிகளோ குறைந்துவிட்டன. மாணிக்கத் தட்டானின் பெருக்கத்தை இந்த மூன்றும் சேர்த்தே விளக்க முடியும்.

ஆனால் தாங்குவது விரும்புவதாகாது. நல்ல தாமரைக் குளத்திலும் இதே தட்டான் பறக்கிறது. பத்து, பதினைந்து இனங்களோடு ஒன்றாக அங்கே அது வாழ்கிறது. எனவே அதன் இருப்பு மட்டும் மாசுக்குச் சான்றாகாது. தாங்குதிறனுக்கு எல்லையும் உண்டு. சிமெண்டுச் சுவர் எழுப்பி, கரைப்புல்லை அகற்றி, ஆக்சிஜன் அறவே இல்லாத கறுத்த கழிவு மட்டும் ஓடும் கால்வாயில் இந்தத் தட்டானுக்கும் இடமில்லை. அமரத் தண்டில்லை, முட்டையிட இலையில்லை, இளவுயிரிக்கு மூச்சில்லை.

மாசு என்ற ஒற்றைச் சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. அழுகும் கழிவு ஒருவகை, நஞ்சு வேறு வகை. ஜப்பானில் நெல்வயல்களின் செல்லப் பூச்சியான அகியாகானே என்ற சிவப்புத் தும்பி 1990களின் பிற்பகுதியிலிருந்து பல பகுதிகளில் திடீரென்று சரிந்தது. நாற்றுப் பெட்டிகளில் இடப்பட்ட ஃபிப்ரோனில், இமிடாக்குளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள்மீது ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது. அந்த வயல்களின் நீர் நாறவில்லை, கறுக்கவும் இல்லை. கண்ணுக்குத் தெளிந்த நீரிலேயே தும்பி செத்தது. ஆகவே சாக்கடையின் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் ஓர் இனம், வயலின் நஞ்சையும் தாங்கும் என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாசிக்கும் முறை

இரண்டு கருத்துகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒற்றைச் சாட்சியை வைத்து வழக்கை முடிக்கப் பார்க்கின்றன. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய மூன்று கேள்விகள் போதும்.

யார் யார் இருக்கிறார்கள் என்பது முதல் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் சைமைக்காவும் சாம்வேஸும் உருவாக்கிய தும்பிக் குறியீடு இதற்கு நல்ல முன்மாதிரி. அங்கே குடும்பத்துக்கு அல்ல, ஒவ்வோர் இனத்துக்கும் மதிப்பெண். எவ்வளவு பரந்து வாழ்கிறது, எவ்வளவு அழிவை எதிர்நோக்குகிறது, வாழிட மாற்றத்தை எவ்வளவு தாங்கும் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் கொடுத்துக் கூட்டினால் 0 முதல் 9 வரை வரும். எங்கும் வாழ்ந்து எதையும் தாங்கும் இனத்துக்கு 0. ஒரு மூலையில் மட்டும் வாழும் மென்மையான இனத்துக்கு 9. அதே முறையில் நம் இனங்களுக்கு எண் கொடுத்தால் மாணிக்கத் தட்டான் அடியில் வரும், யூஃபேயா மேலே வரும். அப்போது ஓர் ஏரியின் சராசரி எண் பொருளுள்ள செய்தியாகும்.

பிறந்தது இங்கேயா என்பது இரண்டாம் கேள்வி. அதற்கு விடை, தண்டுகளில் ஒட்டியிருக்கும் கழற்றிய சட்டைகளில் இருக்கிறது. இறகு இன்னும் உலராமல் பளபளக்க, தள்ளாடிப் பறக்கும் இளந்தட்டான்களும் அதற்குச் சான்று. காலையில் கரையோரம் குனிந்து தேடுகிறவர்கள், நண்பகலில் கேமராவோடு வருகிறவர்களைவிட நீரைப் பற்றி அதிகம் அறிவார்கள்.

யார் இல்லை என்பது மூன்றாம் கேள்வி. இதுவே கனமானது. ஒரு சமவெளிக் குளத்தில் மாணிக்கத் தட்டானோடு கறுப்பு வெள்ளை இறகு கொண்ட நியூரோதெமிஸ் துல்லியா, மஞ்சளும் கறுப்பும் கலந்த அகன்ற இறகோடு பட்டாம்பூச்சிபோல் மிதக்கும் ரையோதெமிஸ் வேரியகாட்டா, மெலிந்த இடுப்போடு பிற தட்டான்களையே பிடித்துத் தின்னும் ஆர்த்தெட்ரம் சபீனா, மஞ்சள் ஊசித்தட்டானான செரியாகிரியான் கோரமண்டலியானம் எல்லாம் இருக்க வேண்டும். கடைசி இனத்தின் பெயரிலேயே நம் சோழமண்டலக் கரை இருக்கிறது. இவை ஒவ்வொன்றாக விலகி, கரை முழுதும் ஒரே செம்மஞ்சளாக மாறினால், அந்த அழகான காட்சியே எச்சரிக்கை. மாணிக்கத் தட்டான் நூறு இருப்பது செய்தியல்ல. அது மட்டும் நூறு இருப்பதே செய்தி.

இதைச் செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரே கரையில் ஒரே தொலைவை, மாதம் ஒருமுறை, வெயில் உள்ள ஒரே நேரத்தில் நடந்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். கூடவே கழிவுக் குழாய் எங்கே விழுகிறது, கரைப்புல் எவ்வளவு இருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது என்பவற்றையும் எழுத வேண்டும். கே.ஏ. சுப்பிரமணியனின் தீபகற்ப இந்தியத் தும்பிகள் களநூல் 2005 முதல் இருக்கிறது. ஓராண்டுக் குறிப்பேடு ஏரியின் நிலையைச் சொல்லும். ஐந்தாண்டுக் குறிப்பேடு அது போகும் திசையைச் சொல்லும். இரசாயனச் சோதனை, மாதிரி எடுத்த அந்த நேரத்து நீரைப் பற்றிப் பேசுகிறது. நீரில் மாதக்கணக்காக வாழ்ந்து வெளிவந்த தட்டானோ அந்த மாதங்கள் அத்தனையையும் பற்றிப் பேசுகிறது. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றல்ல, துணை.

கொசுவுக்கு எதிரான நண்பனா?

மாணிக்கத் தட்டானைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. தட்டான் இளவுயிரி கொசுப்புழுவைத் தின்பதும், பறக்கும் தட்டான் கொசுவைப் பிடிப்பதும் உண்மை. யாங்கோனில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் குரோக்கோதெமிஸ் செர்விலியாவின் இளவுயிரிகளை விட்டு, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைக் கட்டுப்படுத்திய சோதனையின் முடிவுகள் 1990இல் வெளியாயின. அப்பகுதி மக்களே அதில் பங்கெடுத்தார்கள்.

அதை அப்படியே ஏரிக்கு நீட்டிவிட முடியாது. தொட்டி சிறியது, அதில் கொசுப்புழுவைத் தவிர இரை அதிகமில்லை. கழிவு ஏரியில் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இலட்சக்கணக்கில் பெருகுகிறது. தட்டானுக்கு வேறு இரையும் ஏராளம். தட்டான் கொசுவைத் தின்னும் என்ற நம்பிக்கையில் கழிவை அப்படியே விட்டுவைப்பது, அந்த நண்பனின் தோளில் நம் கடமையை ஏற்றுவதாகும். கொசுமருந்தை ஏரியோரம் தெளித்தால் கொசுவோடு தட்டானும் சாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

முடிவுரை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021 டிசம்பரில் உலகத் தும்பிகளின் நிலையை முதன்முறையாக முழுமையாக வெளியிட்டது. ஆராய்ந்த 6,016 இனங்களில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருக்கின்றன. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கால்பங்குக்கும் மேல். ஆபத்தில் இருக்கும் அந்த இனங்களில் மாணிக்கத் தட்டான் இல்லை. அதன் எண்ணிக்கை குறையவில்லை என்று ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் இக்கட்டுரையில் நாம் பார்த்தது வேறு. அது பெருகும் அதே கரைகளில்தான் மற்ற இனங்கள் அருகுகின்றன.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். தட்டான் தூய நீரின் அடையாளமும் அல்ல, மாணிக்கத் தட்டான் மாசு நீரின் அடையாளமும் அல்ல. எந்த இனம், எந்த இனங்களோடு, எங்கே பிறந்து பறக்கிறது என்பதே அடையாளம். நம் பள்ளிகளில் ‘தட்டான்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாகப் பத்து இனங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகள் தம் ஊர்க் குளத்தைத் தாமே வாசித்துவிடுவார்கள். நம் இனங்களுக்கு மதிப்பெண் வகுப்பது அறிவியலாளர்களின் வேலை. கரைப்புல்லைச் செதுக்காமல் விடுவதும், கழிவுக் குழாயைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புவதும் உள்ளாட்சிகளின் வேலை.

ஆங்கிலப் பெயரில் உள்ள சாக்கடையை நான் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கடை இந்தப் பூச்சியின் குணமல்ல, நாம் அதன் குளத்துக்குச் செய்தது. இந்த மாலையும் ஏதோ ஒரு நகர ஏரியில் ஒரு பெண் தட்டான் மிதக்கும் இலையில் வால்நுனியைத் தட்டி முட்டையிட்டுக்கொண்டிருக்கும். தாமரைக் குளத்தில் அதன் முன்னோர் தட்டியதும் இப்படித்தான்.